போ பஜார் தெருவில் திறந்த கதவு: அணு, மூலக்கூறு ஆராய்ச்சியும் நம் பிள்ளைகளும்

விநய் நகர் என்று பெயர் வழங்கிய காலத்திலிருந்தே சரோஜினி நகருக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டு. மத்திய அரசு உத்தியோகம் கிடைத்து ரயிலேறி வந்தவர்கள், குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடானதும் குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பக்கத்திலுள்ள லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் பழைய குவார்ட்டர்ஸ்களில் பெரும்பகுதி இன்று இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த வீடுகளில் கேட்ட ஒரு கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை, "நான் ஃபிசிக்ஸ் படிக்கப் போறேன்" என்றால் வருகிற கேள்விதான் அது: "அதைப் படிச்சு என்னடா பண்ணப் போறே? கவர்ன்மென்ட் வேலையா கிடைக்கும்?"

அரசாங்க உத்தியோகமும் ஆராய்ச்சியும் எதிரெதிர்த் துருவங்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் அணுவையும் மூலக்கூறையும் ஒளியைக் கொண்டு ஆராயும் சோதனை இயற்பியல் வளர்ந்ததே கணிசமாக ஒரு தமிழ் அரசாங்க அதிகாரியால்தான்.

1907-ஆம் ஆண்டு, நிதித்துறைத் தேர்வில் வெற்றி பெற்று, பதினெட்டு வயதில் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் பதவி ஏற்றார் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். போ பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் இருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கியது அது. கருவிகள் இருந்தன, பயன்படுத்துவோர்தான் அதிகம் இல்லை. ராமன் விடியற்காலையில் அங்கே போவார், பிறகு ஆபீஸ். ஆபீஸ் முடிந்ததும் மறுபடியும் ஆய்வுக்கூடம். பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்ததும், குறைந்த சம்பளம் என்று தெரிந்தே உத்தியோகத்தை விட்டார். அவர் எந்த ஆசிரியரிடமும் முறைப்படி ஆய்வு மாணவராக இருந்தவரில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் தமக்குக் கிடைக்காத வழிகாட்டுதலை அவர் மற்றவர்களுக்குத் தந்தார். போ பஜார் தெருக் கதவு திறந்தே இருந்தது. பாலக்காடு கல்பாத்தியைச் சேர்ந்த கே.ஆர். ராமநாதன், திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பணியிலிருந்தவர், அங்கே வந்தார். எஸ். வெங்கடேஸ்வரன் கல்கத்தாவில் அரசு சோதனைச் சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் வந்து ஆராய்ச்சி செய்தார். வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து கே.எஸ். கிருஷ்ணன் வந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் அவர். மதிய இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்து இயற்பியல், வேதியியல், கணிதம் எதைக் கேட்டாலும் விளக்குவாராம்.

இவர்கள் தேடியது என்ன? ஒரு திரவத்தின் வழியே ஒளி செல்லும்போது கொஞ்சம் சிதறுகிறது. சிதறிய ஒளியின் நிறம் மாறாது என்பதே அன்றைய பொது எண்ணம். 1923-ல் ராமநாதன் நீரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் மிக மங்கலாக ஒரு வேறு நிறம் மிஞ்சுவதைக் கண்டார். அழுக்கினால் வரும் ஒளிர்வு என்று அப்போது கருதப்பட்டது. பின்னர் வெங்கடேஸ்வரன் சுத்தம் செய்த கிளிசரினில் பச்சை நிறம் தெளிவாகவே தெரிந்தது. 1928 பிப்ரவரி தொடக்கத்தில் கிருஷ்ணன் பல திரவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவருடைய நாட்குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது: இரவு ஒன்பது மணி வாக்கில் ராமன் பரபரப்போடு கிருஷ்ணன் வீட்டு வாசலுக்கே வந்து, "நாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான்" என்ற பொருள்படப் பேசிக்கொண்டிருந்தாராம். பிப்ரவரி 28-ல் நிறமாலைக் கருவியின் வழியே பார்த்ததும் ஐயம் தீர்ந்தது. அதுவே ராமன் விளைவு. 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு வந்தது.

விஷயம் எளிமையானது. ஒளி மூலக்கூறின் மேல் படும்போது, மிக அபூர்வமாக, மூலக்கூறு தன் அதிர்வுக்கு வேண்டிய சக்தியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மீதி சக்தியோடு வெளியேறும் ஒளியின் நிறம் மாறிவிடுகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்தால் மூலக்கூறின் அடையாளம் தெரிந்துவிடும். மருந்து, வைரம், போதைப்பொருள் எதையும் இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

நம் கதைக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. நாடு விடுதலை அடைந்த நேரத்தில் இந்த மூவரும் மூன்று நிறுவனங்களின் முதல் இயக்குநர்களானார்கள். ராமன் 1948-ல் பெங்களூரில் தம் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். ராமநாதன், விக்ரம் சாராபாய் 1947-ல் தோற்றுவித்த அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார். கிருஷ்ணன் டாக்கா, கல்கத்தா, அலகாபாத் என்று பணியாற்றிவிட்டு, 1947-ல் டெல்லிக்கு வந்து தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961-ல் மறையும் வரை இங்கேதான் இருந்தார். பூசா வட்டாரத்தில் அந்த ஆய்வுக்கூடம் இருக்கும் சாலைக்கு இன்று டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். ஆட்டோவில் அந்த வழியாகப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையைக் கவனித்திருப்போம்?

இந்த மூன்று இடங்களிலும் இன்று அணு, மூலக்கூறு சோதனை இயற்பியல் நடக்கிறது. முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்கிறார்கள். பெங்களூரில் லேசர் ஒளியால் அணுக்களைக் குளிரவைத்து ஏறக்குறைய அசையாமல் நிறுத்துகிறார்கள். டெல்லியில் சீசியம் அணுக்களை லேசரால் நீரூற்று மாதிரி மேலே எறிந்து நேரம் அளக்கிறார்கள். சீசியம் அணுவின் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர்வதே ஒரு செகண்ட் என்பது 1967-ல் உலகம் ஏற்றுக்கொண்ட வரையறை. நம் கைக்கடிகாரம் காட்டும் இந்திய நேரத்துக்குப் பொறுப்பு அந்த ஆய்வுக்கூடம்தான். ஜே.என்.யூ. பக்கத்தில் பல்கலைக்கழகங்களுக்கென்றே 1984-ல் அணுக்கரு அறிவியல் மையமாகத் தொடங்கிய முடுக்கி மையமும் இருக்கிறது. அங்கே வேகமான அயனிகளை அணுக்கள், மூலக்கூறுகள் மேல் மோதவிட்டு, அவை உடையும் விதத்தை ஆராய்கிறார்கள். ஹௌஸ் காஸ் ஐ.ஐ.டி., மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவையும் உண்டு.

சேர்வதற்கு வழி என்ன? பெரும்பாலும் எம்.எஸ்ஸி. இயற்பியல் வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், கேட், ஜெஸ்ட் என்ற தேர்வுகளில் அந்தந்த நிறுவனம் கேட்பதை எழுதி, பிறகு நேர்முகம். சொந்தப் பணம் போட்டுப் படிப்பதில்லை இது. நெட் மூலம் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

கஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. ஐந்து, ஆறு ஆண்டு ஆகும். வெற்றிடப் பம்பில் ஒரு சின்னக் கசிவைத் தேடியே வாரக்கணக்கில் போய்விடும். பட்டம் வாங்கியதும் நிரந்தர வேலை காத்திருக்காது. வெளிநாட்டிலோ இங்கேயோ இன்னும் சில ஆண்டு தற்காலிக ஆராய்ச்சி செய்ய நேரும். ஆனால் லேசரும் மின்னணுக் கருவியும் கையால் கட்டிப் பழகியவருக்குத் தொழிற்சாலைகளிலும் இடம் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, 1940-ல் பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரங்களின் ஒளிர்வைப் படமெடுக்க ஒரு தட்டுக்கே பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி விட வேண்டியிருந்தது. தனியாகவே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தபோது, எம்.எஸ்ஸி. இல்லை என்று பட்டம் மறுக்கப்பட்டது. அவர் கலங்கவில்லை, வானிலைக் கருவிகள் துறைக்குப் போய் நாடறிந்த விஞ்ஞானியானார். என்றாலும், வேலை முடிந்தும் பட்டம் கைக்கு வரவில்லை என்பது உண்மைதானே? ஆய்வுக்கூடம் ஒன்று, பட்டம் தரும் பல்கலைக்கழகம் வேறொன்று என்ற ஏற்பாடு இன்றும் பல இடங்களில் இருக்கிறது. ஆகவே சேரும்போதே பட்டம் யார் தருவார்கள், பதிவு எப்போது, தகுதி என்ன என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினமாக 1987 முதல் கொண்டாடப்படுகிறது. அதையொட்டிப் பல ஆய்வுக்கூடங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். அறிவிப்பைப் பார்த்து, வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ஒருமுறை அழைத்துப் போங்கள். அங்கே வேலை செய்யும் ஆய்வு மாணவர்களிடம் பிள்ளையே பேசட்டும். நாம் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். அதற்குப் பிறகும் பிள்ளைக்கு பி.டெக்.தான் வேண்டுமென்றால் சந்தோஷம். ஃபிசிக்ஸ்தான் என்றால், கணக்காபீஸ் சம்பளத்தை விட்டுவிட்டுப் போன ஒருவரின் கதை நமக்குத் தெரியும் அல்லவா? அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லி, அப்ளிகேஷன் வாங்கிக் கொடுப்போம்.