கடைசி வீடுவரை செல்லும் கடிதம்

கண்டி மாநகரின் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்துக் குண்டசாலை என்னும் ஊர் அமைந்துள்ளது. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இவ்வூரில் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். ஆதலின் ‘குண்டசாலை மன்னன்’ என்றே மக்கள் அவனை அழைத்தனர். அக்காலத்தில் அரச ஓலைகளை மலைப்பாதைகளிற் சுமந்து சென்றவர்கள், தாம் அனுபவித்த நிலத்துக்கு ஈடாக இராஜகாரிய ஊழியம் புரிந்த குடிமக்களே. ஓலை அரசனுடையது, ஓட்டம் குடியானவனுடையது. அக்குடியானவன் தொலைவில் வாழும் தன் மகளுக்கு ஒரு செய்தி அனுப்ப விரும்பினால், அதற்கென அரசு வகுத்த வழி எதுவும் இருக்கவில்லை.

இன்று அதே குண்டசாலையில் வாழும் எவரும் ஒரு முத்திரையை ஒட்டிப் பருத்தித்துறைக்கும் அம்பாந்தோட்டைக்கும் ஒரே கட்டணத்திற் கடிதம் அனுப்பலாம். மன்னனின் தனியுரிமை குடிமகனின் பொதுவுரிமை ஆனது எவ்வாறு? அப்பொதுவுரிமையைக் காக்கும் தபாற் சேவையைத் தனியாரிடம் ஒப்படைக்கலாமா? முதல் வினாவுக்கு விடை காணாமல் இரண்டாம் வினாவுக்கு விடை கூறுதல் இயலாது.

இலங்கையின் கரையோரப் பகுதிகளில் ஒல்லாந்தர் நடத்திய தபால் ஒழுங்கும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் தொடக்கத்தில் நடத்திய தபால் ஒழுங்கும் பெரும்பாலும் அரசாங்க அலுவலுக்கே பயன்பட்டன. 1815இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், 1820இற் கொழும்பு - கண்டி வீதி வேலை தொடங்கியது. அவ்வீதியில் 1832 பெப்ரவரி முதலாந் திகதி தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆசியாவிலேயே முதலாவது குதிரைத் தபால் வண்டி அதுவே என்பர். 1867இற் புகையிரதப் பாதை கண்டியை எட்டியதும், குதிரை சுமந்த பையைப் புகைவண்டி சுமக்கலாயிற்று.

பாதையினும் பெரியது கட்டணத்தில் நேர்ந்த மாற்றமாகும். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் அறவிடும் வழக்கத்தை ஒழித்து, நிறைக்கு ஏற்ப ஒரே கட்டணம் என்னும் முறையை 1840இல் இங்கிலாந்து மேற்கொண்டது. ரோலன்ட் ஹில் என்பார் முன்வைத்த எண்ணம் அது. இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்பிரல் முதலாந் திகதி வெளியாயிற்று. விக்டோரியா அரசியின் உருவந் தாங்கிய அக்கபில நிற முத்திரையின் விலை 6 பென்ஸ். ஒரே கட்டண முறையின் உட்பொருள் யாதெனில், அண்மையிலுள்ளவன் செலுத்தும் காசு தொலைவிலுள்ளவனின் கடிதத்தையும் சுமக்கின்றது என்பதே. நகரம் கிராமத்தைத் தாங்குகின்றது. சமவெளி மலையைத் தாங்குகின்றது. 1885இல் தபாற் கந்தோர் சேமிப்பு வங்கி தோன்றியபோது, வங்கியின் வாசலை மிதித்தறியாத ஏழையும் சில சதங்களைச் சேமிக்க வழி பிறந்தது. அவ்வங்கி 1972இல் தேசிய சேமிப்பு வங்கியுடன் இணைந்தது.

எனினும், இப்பொதுவுரிமை அனைவரையும் ஒருபடித்தாகச் சென்றடைந்ததா? கண்டியைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களை நோக்கினால் உண்மை விளங்கும். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஓர் ஆள் நாள்தோறும் அண்மையிலுள்ள தபாற் கந்தோருக்குச் சென்று, பையைப் பெற்றுத் தோட்டக் கந்தோரில் ஒப்படைப்பது பழைய வழக்கம். அரசாங்கத்தின் பொறுப்பு அவ்வளவில் முடிந்தது. அங்கிருந்து லயத்து அறைவரையுள்ள கடைசி ஒரு மைல் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தது. தொழிலாளிக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே முகவரி. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்தபின் கைக்கு வந்த துன்பத்தை மலையகத்தில் அறியாதார் அரியர். பிற்காலத்தில் தோட்டங்களுக்கெனத் தபாற்காரர் சிலர் நியமனம் பெற்ற போதிலும், அக்குறை முற்றாக நீங்கிவிடவில்லை.

இது கருதத்தக்க பாடம். கடைசி மைலை, கடிதம் பெறுவோனுக்குக் கடமைப்படாத ஒருவரிடம் விட்டால் யாது விளையும் என்பதை மலையகம் தலைமுறை தலைமுறையாகக் கண்டுள்ளது.

தனியார்மயத்தை வேண்டுவோர் கூறுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. தபால் திணைக்களத்தின் செலவு பல ஆண்டுகளாக வருமானத்தை விஞ்சியே வந்துள்ளது. குறையைத் திறைசேரி நிரப்பியது. சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 2022 ஆகத்தில் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. கைத்தொலைபேசி வந்தபின் கடிதம் எழுதுவோரும் அருகினர். மேலும், ஒரு காலத்தில் தபாலுடன் ஒரே திணைக்களமாக இருந்த தொலைத்தொடர்பு, 1980இற் பிரிந்து, 1991இற் கூட்டுத்தாபனமாகி, 1996இற் கம்பனியாயிற்று. 1997இல் அதன் பங்குகளில் நூற்றுக்கு 35 ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. தொலைபேசி இணைப்புக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலம் பின்னர் மறைந்தது. தபாலும் அவ்வாறே சீர்பெறலாகாதா என அவர்கள் வினவுவர்.

ஆயின், தொலைபேசி வளர்ந்துவந்த தொழில். கடிதமோ தேய்ந்துவரும் தொழில். வளரும் தொழிலில் இலாபத்தை நாடுவோன் புதிய வீடுகளைத் தேடிச் செல்வான். தேயும் தொழிலில் அவன் செலவு மிகுந்த வீடுகளையே முதலிற் கைவிடுவான். கூரியர் நிறுவனங்கள் நகரத்துப் பொதிகளை விரும்புவதும், மலையுச்சியிலுள்ள ஒற்றைக் கடிதத்தை விரும்பாததும் இக்காரணத்தாலேயே.

உலக அனுபவமும் ஒருமுகமாக இல்லை. ஜெர்மனியின் தபால் நிறுவனம் 2000இற் பங்குச் சந்தைக்கு வந்து, உலகளாவிய பொதி வணிகத்தில் ஓங்கிற்று. ஆர்ஜென்டீனா 1997இல் தனியாரிடம் கொடுத்த தபாலை 2003இல் மீளப் பெற்றுக்கொண்டது. பிரித்தானியா 2013இல் ரோயல் மெயிலை விற்றது. உரிய நாளிற் கடிதங்களைச் சேர்ப்பிக்கத் தவறியமைக்காக 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் அந்நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. டென்மார்க்கின் நிகழ்ச்சி இவற்றினும் வியப்புக்குரியது. அங்கு தபால் நிறுவனம் அரசுடைமையாகவே இருந்தது. எனினும் 2025 முடிவோடு கடிதம் விநியோகிப்பதை அது நிறுத்திவிட்டது.

ஆகவே, உடைமை எவருடையது என்பது மட்டுமே வினாவன்று. கடைசி வீடுவரை ஒரே கட்டணத்திற் செல்லுதல் வேண்டும் என்னும் கடமையைச் சட்டம் எவர்மேற் சுமத்துகிறது, தவறினால் எவரைக் கேட்பது என்பதே வினா. அரசு நடத்தினும் கடமை எழுதப்படாவிடின் சேவை தேயும். தனியார் நடத்தின், எழுதப்பட்ட கடமையைக் காக்க வலிமையுள்ள கண்காணிப்பாளர் வேண்டும். அத்தகைய கண்காணிப்பை நிறுவாமல் விற்பவர், சேவையை விற்பதில்லை. நிலத்தையும் கட்டடத்தையுமே விற்கின்றார்.

இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. 1894இல் எழுந்த நுவரெலியாத் தபாற் கந்தோரையும் கண்டித் தபாற் கந்தோரையும் பிற தேவைகளுக்குக் கையளிக்கும் முயற்சியை எதிர்த்து, 2023 நவம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். நகர நடுவிலுள்ள கட்டடத்துக்கு விலை கூறுவோர் பலர். தோட்டத்து லயத்துக்குக் கடிதம் கொண்டு செல்லும் கடமைக்கு விலை கூற முன்வருவோர் எவர்?

2020ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது வைத்தியசாலைக்குச் செல்ல இயலாத நோயாளரின் இல்லங்களுக்கு மருந்துப் பொதிகளைக் கொண்டு சென்றவர் தபாற்காரரே. அன்று அப்பணி கைகூடியமைக்குக் காரணம், ஒவ்வொரு வீட்டின் வாசலையும் அறிந்த ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தமையே. நாடெங்கும் பரந்துள்ள ஏறத்தாழ 4,000 தபாலகங்களின் உண்மையான செல்வம் அவ்வறிவேயாகும். அச்செல்வத்தைச் சிதைக்காது, பொதி விநியோகம், சேமிப்பு, உதவிப்பணம் முதலியவற்றால் வருமானத்தைப் பெருக்கி, வீணான செலவைக் குறைத்தலே விவேகம். சீர்திருத்தம் வேண்டும், விற்பனை சீர்திருத்தம் ஆகாது.

அச்சீர்திருத்தம் வெற்றி பெற்றதா என்பதை அளக்கக் கொழும்புக்குச் செல்லவேண்டுவதில்லை. கண்டி மலைத்தோட்டம் ஒன்றின் லயத்து வாசலில், உரிய பெயருக்கு உரிய நாளில் ஒரு கடிதம் வந்து சேர்கின்றதா என்று பார்த்தால் போதும். மன்னனின் ஓலையைச் சுமந்த மலைப்பாதை குடிமகளின் கடிதத்தையும் சுமக்கும் அந்நாளிலேயே, இந்நாட்டின் தபால் தேசியத் தபால் என்னும் பெயருக்கு முழுத் தகுதி பெறும்.