பீங்கானும் ‘ஆகுமான’ பொருளும்

திருமுதுகுன்றம் எனும் விருத்தாசலத்தைப் புலவர் பாடல் பெற்ற பதியாக அறிவர். வணிகர் பீங்கான் நகரமாக அறிவர். ‘பீங்கான்’ தமிழ்ச்சொல் அன்று. கிண்ணத்தைக் குறிக்கும் ‘பிங்கான்’ என்னும் பாரசீகச் சொல்லினின்று வந்தது என்பர். மலாய் மொழியில் உண்கலத்தைக் குறிக்கும் சொல்லும் இதனோடு உறவுடையதே. கடல் வணிகத்தில் கலமும் சொல்லும் சேர்ந்தே பயணம் செய்தன. அவ்வழியிலேயே இன்று ஒரு வினாவும் வந்து சேர்ந்துள்ளது. உண்ணும் பொருள் ‘ஹலால்’ ஆதல் வேண்டுமெனின், அதனை ஏந்தும் கலமும் அவ்வாறு ஆதல் வேண்டுமோ? ஈண்டு ஆராயப்புகுவது அதுவே.

‘ஹலால்’ என்பதைத் தமிழ் முசுலிம்கள் ‘ஆகுமானது’ என வழங்குவர். ‘உடம்புக்கு ஆகாது’ எனும் பொதுவழக்கில் உள்ள வினையே இதிலும் உள்ளமை நோக்கத்தக்கது. இறைச்சி ஆகுமானது எனத் துணிதற்கு முன்னாளில் ஏடும் முத்திரையும் வேண்டப்படவில்லை. அறுத்தவர் இன்னார் என்பதை ஊர் அறியும். கண்காணா ஆலையினின்று பல கை மாறிப் பொருள் வரத் தலைப்பட்ட பின்னர், அறிமுகத்தின் இடத்தை முத்திரை பெற்றது. மலேசியாவில் 1974-லும் சிங்கப்பூரில் 1978-லும் சான்றளித்தல் தொடங்கிற்று.

கலத்தைப் பற்றிய ஐயம் எலும்பினால் எழுவது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் ஸ்போட் குடும்பத்தார் செம்மைப்படுத்திய ‘போன் சைனா’ வகையில் ஏறத்தாழச் சரிபாதி எலும்புச் சாம்பலாகும், பெரிதும் மாட்டெலும்பு. அம்மாடு முறைப்படி அறுக்கப்பட்டதா, தானே செத்ததா? உலையில் வெந்து நீறான பின்னும் இதனை வினவுதல் மிகையன்றோ என யானும் முதற்கண் கருதியதுண்டு. சமயச் சட்ட நூல்களை நோக்கின் விடை இரண்டாகப் பிரிகின்றது. எலும்பில் உயிரின்மையால், பன்றி நீங்கலாக, செத்த விலங்கின் எலும்பும் தூயதே என்பர் ஹனபி நெறியார். சாம்பலானது பழைய பொருள் அன்று என்பதும் அவர் கொள்கை. ஷாபி நெறியாரோ செத்ததன் எலும்பு தூய்மையற்றது, எரிப்பினும் அது நீங்காது என்பர். தமிழகத்து இராவுத்தர் பெரும்பாலும் ஹனபி நெறியினர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் மரைக்காயர் ஷாபி நெறியினர். ஆகவே ஒரே தட்டு ஓரூரில் ஐயமின்றிப் புழங்கும். பிறிதோரூரில் அதன் வரலாறு வினவப்படும்.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஷாபி நெறியே மேலோங்கியது. வாங்கும் நாட்டின் நெறியே விற்போனுக்கு அளவுகோல் ஆகின்றது. இந்தோனேசியாவின் 2014-ஆம் ஆண்டு 33-ஆம் எண் சட்டம் உணவோடு புழங்குபொருளையும் தழுவியது. விலங்கின் கூறுடைய வீட்டுக்கலங்கள் அதன் வழிவந்த விதிகளுள் அடங்கும்.

இனி, எலும்பு வந்த வழியைப் பின்னோக்கித் தேடுவோமாயின், ஆலையில் ஏடு உண்டு. எலும்பு மண்டியிலும் ஒருவாறு கணக்கு உண்டு. அதற்கும் அப்பால் நிற்பவர் எலும்பு பொறுக்குவோர். வயல்வெளியில் செத்த மாட்டின் எலும்பும் அறுப்புக்கூடத்து எலும்பும் அவர்தம் சாக்கில் ஒன்றாகவே விழும். மாத்திரைக் கூட்டுக்குரிய செலட்டினும் எலும்பினின்று எடுக்கப்படுதலின், இத்தடை அதற்கும் உண்டு. எலும்பின் பிறப்பைக் கூறவல்லவர் அவர் ஒருவரே. சான்று எழுதுவோர் அவரிடம் கேட்பதில்லை.

களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்பவற்றால் மட்டும் ஆகிய பீங்கானுக்கு இவ்வினா எழாது. ஆயின் கடையில் இரண்டும் வெண்மையே. ‘எலும்பு சேராதது’ என்னும் ஒரு வரியைப் பெட்டியின்மேல் எழுதுதல் அத்தகைய கலம் செய்வோர்க்கு அரிய செயலன்று.