மை ஒட்டாத பிளாஸ்டிக்கும் ஒரு பி.காம். அதிகாரியும்

பிழைப்புக்காக ஹைதராபாத் வந்து, வங்கியில் நான் போட்ட கையெழுத்துகளில் இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. ஜீடிமெட்லாவில் பிளாஸ்டிக் பைகளில் அச்சடிக்கும் ஒருவர் கடன் கேட்டு வந்தார். இயந்திரப் பட்டியலில் 'கொரோனா ட்ரீட்டர்' என்று ஒன்று இருந்தது (2020இல் வந்த கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). "பிலிம் விற்பவரே ட்ரீட் செய்துதானே அனுப்புகிறார், மறுபடி எதற்கு?" என்று அதை அடித்துவிட்டேன். செலவைக் குறைத்த திருப்தி வேறு!

எட்டு மாதம் கழித்து ஆய்வுக்குப் போனால், திரும்பி வந்த பைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பையில் செல்லோடேப்பை ஒட்டித் தேய்த்து, வெடுக்கென்று இழுத்தார். அச்சடித்த கடைப் பெயர் முழுசாக டேப்போடு வந்துவிட்டது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி, மை அதில் பரவாமல் திரண்டு நிற்கும். தீச்சுவாலையில் வாட்டுவது, பொறி பறக்கவிடுவது என்று ஆரம்பத்தில் சில வழிகள் இருந்தன. ஒரே சீராக அமையவில்லை. 1951இல் டென்மார்க் பொறியாளர் வெர்னர் ஐஸ்பி, பிளாஸ்டிக்கில் அச்சடிக்க வழி கேட்ட வாடிக்கையாளர் ஒருவருக்காக, அதிக அதிர்வெண் மின்சாரத்தைக் கொண்டு கொரோனா முறையை உருவாக்கினார்.

நடப்பது இதுதான். பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தில் காற்று அயனியாகி, ஊதா நிறத்தில் ஒளிரும். இதுவும் ஒருவகை பிளாஸ்மாதான் (அந்தப் பெயரை 1928இல் வைத்தவர் இர்விங் லாங்மூர்). எலக்ட்ரான்கள் மோதி மேற்பரப்பின் பிணைப்புகள் அறுபட, அங்கே ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. மாறுவது சில நானோமீட்டர் ஆழம்தான். உள்ளே அதே பிளாஸ்டிக். ஆனால் மேற்பரப்பு ஆற்றல் சுமார் 31 டைனிலிருந்து 38க்கு மேல் ஏறிவிடும். மை பிடித்துக்கொள்ளும்.

எனக்குத் தெரியாமல் போனது இதற்கடுத்த வரி. இந்த மாற்றம் நிலைக்காது. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் பிலிமின் ஆற்றல் மெல்ல மெல்லக் குறையும். அச்சுக்கு முன் மறுபடி ட்ரீட் செய்யத்தான் அவர் அந்த இயந்திரத்தைக் கேட்டிருக்கிறார்.

நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. 1986இல் தன்னாட்சி பெற்ற காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், சூரியனில் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்திப் பார்க்க உருவானது. அதே நிறுவனம் 1997இல் தொழில்துறைக்கென்று தனி மையம் திறந்தது. ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கோரா முயல் ரோமத்தில் பிளாஸ்மாவைப் பாய்ச்சினார்கள். வழவழப்பால் நழுவி உதிரும் இழைகள் சொரசொரப்பாகி, நூற்க வசப்பட்டன. பிளாஸ்டிக்கோ ரோமமோ, வித்தை மேல்தோலில்தான்.

கூடுதல் கடனுக்கு நானே பரிந்துரை எழுதினேன். ட்ரீட்டர் வந்தது, கணக்கு வாராக்கடன் ஆகாமல் தப்பியது. ஆனால் அவருடைய பெரிய வாடிக்கையாளர் திரும்பி வரவேயில்லை.

இப்போதெல்லாம் பட்டியலில் ஒன்றை அடிக்கும் முன், "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிடுகிறேன்.