நாற்பது வயதுக்காரரின் மட்டை

1934 நவம்பர் 4, சேப்பாக்கம், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், முதல் பந்தைப் போட்ட எம். ஜே. கோபாலன். இந்த வாரம் அங்கேதான் போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் காரைக்காலில் ஒரு வாய்த்தகராறு குறுக்கே வந்துவிட்டது. அரசலாறு கடலில் கலக்கும் இடத்து மணலில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்களில் ஒருவன், "தூக்கி அடிக்கிறவன்தான் சார் பேட்ஸ்மேன், மத்தவன் எல்லாம் மட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன்" என்றான். உடனே ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சராசரிக் கணக்கை எடுத்தார். இரண்டு பேருக்கும் என்னிடம் இருந்த ஒரே பதில் கோட்டா ராமசாமி.

1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில் இருந்துகொண்டு கிரிக்கெட் வரலாறு எழுதுவதே ஒரு வேடிக்கை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணி கிரிக்கெட்டில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த அணியில் பெரும்பாலோர் பாரிசில் குடியிருந்த இங்கிலாந்துக்காரர்கள்! நமக்கு இந்த ஆட்டம் வாஞ்சூர் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சமாச்சாரம். புதுச்சேரி அணி ரஞ்சியில் நுழைந்ததே 2018-19 பருவத்தில்தான்.

ராமசாமி யார்? முன் அத்தியாயத்தில் பார்த்த சென்னைக் கிரிக்கெட் முன்னோடி புச்சி பாபுவின் மகன். தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துப் போனதால்தான் பெயருக்கு முன் 'கோட்டா' வந்தது; மற்ற மகன்களுக்கு அது கிடையாது. மயிலாப்பூர் லஸ் ஹவுஸ் வளாகத்திலேயே மட்டை பிடித்தவர், இடக்கையர். கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். 1922-இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடினார். திரும்பி வந்து விவசாயத் துறையில் வேலை. இந்த மனிதர் டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலாக மட்டையுடன் இறங்கியது 1936 ஜூலையில், மான்செஸ்டரில். அப்போது வயது நாற்பது!

அந்த இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின் வில்லனைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. இந்திய அணியின் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார், 'விஸ்ஸி'. மூன்று டெஸ்டில் மொத்தம் 33 ரன். பதவி ஆட்டத்தால் வரவில்லை, பணத்தால் வந்தது. அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார். அதே மான்செஸ்டரில், விஜய் மெர்ச்சென்ட்டை ரன் அவுட் ஆக்கினால் தங்கக் கடிகாரம் தருவதாக முஷ்டாக் அலியிடம் சொன்னார் என்று ஒரு கதை இன்றைக்கும் உலாவுகிறது. உண்மையோ பொய்யோ, அவரைப் பற்றி அப்படி ஒரு கதை பிறந்ததே போதும். அங்கே இரண்டாவது இன்னிங்ஸில் முஷ்டாக் அலி 112, மெர்ச்சென்ட் 114. இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 203.



மான்செஸ்டரில் முதல் இன்னிங்ஸில் இந்தியா 203. அதில் ராமசாமி 40. இங்கிலாந்து 571 அடித்து நிறுத்தியது. இரண்டாவது இன்னிங்ஸில் ராமசாமி 60. தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் சமனில் முடிந்தது. அடுத்து ஓவலில் 29, பிறகு ஆட்டமிழக்காமல் 41. டெஸ்ட் வாழ்க்கை அத்துடன் முடிந்தது. இரண்டு ஆட்டம், 170 ரன், சராசரி 56.66. வாத்தியாருக்கு நான் நீட்டிய காகிதத்தில் இருந்தது இதுதான். டெண்டுல்கரின் சராசரி 53.78, கவாஸ்கருடையது 51.12. சராசரிதான் அளவுகோல் என்றால் ராமசாமி இருவருக்கும் மேலே உட்கார வேண்டும். வாத்தியார் சிரித்துவிட்டார்.

சிரித்தாலும் அந்த எண்ணைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. கண்ணும் காலும் தளரும் வயதில், பழக்கமில்லாத ஆடுகளத்தில், முன்பின் தெரியாத பந்துவீச்சை எதிர்த்து நாலு இன்னிங்ஸிலும் தாக்குப்பிடித்திருக்கிறார். இது வெறும் கை வலுவினால் வந்திருக்காது. எந்தப் பந்தைத் தொடுவது, எதை விடுவது என்ற தீர்ப்பு முந்தியே மனசில் இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் இதையே ஒரு கணக்காகப் போட்டவர். தன் மட்டைக்கு எட்டும் வெளியை 77 பந்து அளவுக் கட்டங்களாகப் பிரித்து, நடுவில் வந்தால் பத்துக்கு நாலு முறை அடி பலிக்கும், வெளிப்பக்கம் கீழ் மூலையில் வந்தால் பத்துக்கு இரண்டுக்குச் சற்று மேலேதான் என்று தன் புத்தகத்தில் படமே போட்டுக் காட்டினார். அடிக்கத் தகுந்த பந்துக்காகக் காத்திருப்பதுதான் அவருடைய பாடம். ஆனால் ஆள் பயந்தவர் அல்ல. 1941-இல் பருவத்தின் கடைசி நாள், அவருடைய சராசரி .39955. வெளியே உட்கார்ந்திருந்தால் அது .400 என்றே எழுதப்பட்டிருக்கும். அவர் உட்காரவில்லை. அன்று நடந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி எட்டில் ஆறு அடித்து .406-இல் முடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் யாரும் ஒரு முழுப் பருவத்தில் .400-ஐத் தொடவில்லை.

பையனுக்கு இது பிடித்திருந்தது. "அப்ப தூக்கி அடிக்கிறவன் இல்லையா சார்?" என்றான். தூக்கி அடிக்கலாம்; எதை அடிக்கிறான் என்பதுதான் என் கேள்வி. இதற்கு நம் பக்கத்துச் சாட்சி குண்டப்பா விஸ்வநாத். 1975 ஜனவரி, சேப்பாக்கம், மேற்கிந்தியத் தீவுகள். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு ஏழு விக்கெட். இந்தியா 190-இல் சுருண்டது. அதில் பாதிக்கு மேல் விஸ்வநாத் ஒருவருடையது. ராபர்ட்ஸின் வேகத்தையே கடன் வாங்கி, மணிக்கட்டைத் திருப்பி ஆஃப் பக்கம் அனுப்பிய வெட்டடிகள் அவை. மறுமுனையில் கடைசி ஆளாகச் சந்திரசேகர் போனதும் இன்னிங்ஸ் முடிந்தது. விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. இந்தியா 100 ரன்னில் வென்றது.

ஏழு வருஷம் கழித்து அதே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 222 அடித்தார். சதக் கணக்கில் சேர்வது அதுதான். ஆனால் சேப்பாக்கத்துப் பெரிசுகளிடம் விஸ்வநாத் என்று வாயைத் திறந்தால், பேச்சு நேரே 97-க்குத்தான் போகும்.

(தொடரும்)