பழைய காரிலிருந்து பிறந்த மணல் வண்டி



பாதையே இல்லாத இடத்தில் பாய்ந்தோடும் பகி வண்டிகளின் காணொளிகளை எமது பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். "இதை நாமே செய்யலாமா சேர்?" என்றும் கேட்கிறார்கள். அதற்கான பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா கரையோர மணல்மேடுகளில் வண்டி ஓட்டுவது 1950களிலேயே ஒரு பொழுதுபோக்கு. பெரிய கார்களின் மேற்பகுதியைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். எஞ்சினில் சக்தி இருந்தது. ஆனால் பாரம் அதிகம் என்பதால் மணலில் புதைந்தன.

பிறகு அவர்களின் கண் ஜெர்மனியின் வொக்ஸ்வேகன் பீட்டில் காரில் விழுந்தது. சிறிய எஞ்சின்தான், ஆனால் அது பின்னால், சக்கரங்களைச் சுழற்றும் அச்சுக்கு மேலேயே பாரமாக இருக்கிறது. அதனால் பின்சக்கரங்களுக்கு மணலில் பிடிமானம் கிடைக்கிறது. காற்றாலேயே குளிர்வதால் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் தேவையில்லை. போல்ட்களைக் கழற்றினால் மேற்கூடு தனியாக வந்துவிடும், தட்டையான அடித்தளம் மிஞ்சும்.

இந்த இடத்தில்தான் புரூஸ் மேயர்ஸ் வருகிறார். 1926இல் பிறந்தவர். ஃபைபர் கிளாஸில் படகு கட்டிய அனுபவம் உள்ளவர். படகுக்கு அச்சு எடுப்பதைப் போலவே ஒரு வண்டிக்கும் அச்சு எடுத்தார். 1964இல் முதல் 'மேயர்ஸ் மாங்ஸ்' அவரது கராஜில் உருவானது. அதில் பீட்டிலின் அடித்தளம் இல்லை, ஃபைபர் கிளாஸ் உடலே முழுப் பாரத்தையும் தாங்கியது. உறுதியான வண்டி. ஆனால் செய்வதற்குச் சிரமம், செலவும் அதிகம். அப்படிச் செய்தவை ஏறத்தாழ ஒரு டசின் மட்டுமே.

அதன் பின் அவர் வழியை மாற்றினார். பீட்டிலின் அடித்தளத்தை 14 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வெட்டிக் குறுக்கி, மீண்டும் ஒட்டுவேலை செய்து, அதன் மேல் இலகுவான உடலைப் பூட்டும்படி அமைத்தார். அடிபட்ட ஒரு பழைய பீட்டிலும், வெல்டிங் தெரிந்த ஒருவரும் இருந்தால் வீட்டிலேயே கட்டலாம். புதிதாகத் தொடங்குபவரின் கைக்கு எட்டியபோதுதான் பகி உலகமெங்கும் பரவியது.

1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனத்தை 34 மணி 45 நிமிடங்களில் கடந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்த சாதனையை 5 மணித்தியாலத்துக்கும் மேலாக முறியடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், இன்று 'பாஹா 1000' எனப்படும் போட்டி முதன்முறையாக நடந்தது. அதில் வென்றதும் ஒரு மாங்ஸ்தான்.

ஆனால் இலகுவாகச் செய்யக்கூடியதை இலகுவாக நகலெடுக்கவும் முடியும். மற்றவர்கள் அவரது வடிவத்தையே அச்சு எடுத்து விற்றார்கள். அவர் வழக்குப் போட்டார், நீதிமன்றம் அவரது காப்புரிமையை ஏற்கவில்லை. அவரது நிறுவனம் செய்தவை சுமார் 6,000. நகல்களோ இரண்டரை லட்சத்துக்கும் அதிகம் என மதிப்பிடப்படுகிறது. 1971இல் நிறுவனம் மூடப்பட்டது. உழைத்தவருக்கு உரிய பங்கு போய்ச் சேரவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். 2014இல் அந்த முதல் வண்டி அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மேயர்ஸ் 2021இல், 94 வயதில் காலமானார்.

இதிலிருந்து தொடங்குபவருக்கு என்ன கிடைக்கிறது? பெரிய எஞ்சினைத் தேடுவதற்கு முன் பாரத்தைக் குறைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். ஒட்டுவேலையைத் தேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஓட்டும் நாளில் மணலுக்கேற்ப டயர் காற்றைக் குறைத்தால் டயர் அகன்று மணலின் மேல் மிதக்கும். மேட்டில் நேராக ஏற வேண்டும், சரிவில் குறுக்காகத் திரும்பினால் வண்டி புரளும். தலைக்கு மேல் உருட்டுக் கம்பி, இருக்கைப் பட்டி, ஹெல்மெட் ஆகிய மூன்றும் இல்லாமல் எஞ்சினையே முடுக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் வீதிக்கு இறக்கவும் கூடாது.

ஸ்பெனரைத் தூக்கும் பிள்ளையை "புத்தகத்தை எடு" என்று விரட்டுவது எமக்குப் பழக்கமாகிவிட்டது. படகு கட்டிய கைதான் பாலைவனத்தைக் கடந்த வண்டியையும் கட்டியது. அந்தக் கைக்கு அளவும் கணக்கும் தெரிந்திருந்தன. ஸ்பெனரைப் பறிக்காமல், பக்கத்தில் ஓர் அளவு நாடாவையும் கொப்பியையும் வைத்துக் கொடுப்போம்.