அவுரியில் பிறந்த இரும்புக் கவசம்



பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் மீனவ மக்களுக்கு உப்புக் காற்று ஓயாத பகையாகும். நங்கூரத்தையும் படகு எந்திரத்தின் இரும்புப் பாகங்களையும் அது அரித்துவிடுகிறது. உழைத்து ஈட்டிய பொருளில் ஒரு பகுதி துருவுக்கே இரையாகிறது. ஈயச் செந்தூரமும் குரோமேட்டும் கலந்த பழைய பூச்சுகள் இரும்பைக் காத்தன. ஆயினும் அவை நஞ்சு. இறாலும் மீனும் வளரும் ஏரிக்கு அவை ஆகா. நஞ்சில்லாக் கவசம் ஒன்றை நாடிய வரலாற்றை இன்று கூற விழைகின்றேன். அதன் வேர் அவுரிச் செடியில் உள்ளது.

1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் அவர்தம் வாணிகத்தின் உயிர்நாடி. அத்துணிகளுக்கு நீல நிறம் அளித்தது அவுரி. நீலம் என்னும் நம் நாட்டுச் சொல் அராபியர் வழியாக மேலை நாடு சென்று ‘அனில்’ என்றாயிற்று. 1826-இல் உன்வெர்டோர்பன் என்னும் செருமானியர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்து ஒரு நீர்மத்தைப் பெற்றார். அதுவே பின்னர் ‘அனிலின்’ எனப் பெயர் பெற்றது.

1862-இல் லண்டனில் லெதபி என்பார், அமிலத்தில் கரைத்த அனிலினுள் மின்சாரத்தைச் செலுத்தினார். பிளாட்டினத்தின்மீது நீலப்பச்சைப் படிவு தோன்றிற்று. இன்று நாம் பாலிஅனிலின் என்பது இதனையே. பிளாஸ்டிக் இனத்துப் பொருள்களும் உலோகம்போல மின்சாரத்தைக் கடத்த வல்லவை என்பதை 1977-இல் ஷிரகாவா, மக்டியார்மிட், ஹீகர் ஆகிய மூவரும் பாலிஅசெட்டிலீன் கொண்டு நிறுவினர். அதற்காக 2000-இல் நோபல் பரிசு பெற்றனர். அதன் பின்னர், பழைய பாலிஅனிலின்மீதும் அறிஞர் பார்வை ஊன்றிப் பதிந்தது.

நம் நாட்டில் இப்பணிக்குரிய களம் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தமையால், அங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் 1953-இல் திறக்கப்பெற்றது. அதன் ஆய்வாளர் 2007-இல் பாலிஅனிலினோடு டைட்டானியம் டையாக்சைடைச் சேர்த்த கலவையை ஆராய்ந்து வெளியிட்டனர்.

இத்தகைய கலவையை ஆக்கும் முறை எளிதே. அனிலின் கரைந்த அமிலத்தில் ஆக்சைடுத் துகளைத் தூவிக் கலக்குவர். பனிக்கட்டியால் குளிர்வித்து, அமோனியம் பெர்சல்பேட்டுக் கரைசலைச் சிறிது சிறிதாக விடுவர். கரும்பச்சைப் படிவு இறங்கும்; அதனை வடித்துக் கழுவி உலர்த்துவர். துகள்கள் ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்த நானோமீட்டர் அளவில் அமையுமாயின், அது நானோ கலவை. எக்ஸ் கதிர் அதன் படிக அமைப்பையும், அகச்சிவப்புக் கதிர் அதன் வேதிப் பிணைப்பையும், எலக்ட்ரான் நுண்ணோக்கி அதன் உருவையும் காட்டும்.

இரும்பின்மீது பூசியதும், பாலிஅனிலின் அதன் பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டாகச் செய்கிறது. ஆக்சைடுத் துகள்களோ பூச்சின் நுண்துளைகளை அடைத்து உப்புநீரின் வழியை மறிக்கின்றன. ஆதலின் தனிப் பாலிஅனிலினைவிடக் கலவையே சிறந்து காத்தது எனக் காரைக்குடியார் கண்டனர்.

நேயர்களே, கூடத்தில் வென்ற கலவை கரைக்கும் வருதல் வேண்டும். மீனவர் வாங்கத்தக்க விலையில் வருதல் வேண்டும். சாயத்துணியாக இக்கரையிலிருந்து கப்பலேறிய அவுரியின் பெயர் தாங்கிய பொருள், இக்கரையின் நங்கூரத்தைக் காக்குமாயின், அக்கல்வி பயனுடைய கல்வியாகும்.