வண்டிச் சட்டமும் அரசாங்கச் சட்டமும்

அப்பா காலத்துல எங்க வீட்டுல ஒரே ஒரு மாட்டு வண்டிதான். எரு அடிக்கும்போது ரெண்டு பக்கமும் படல் கட்டுவார். திருவிழாவுக்குக் குடும்பத்தோட கிளம்பினா அதே வண்டிக்கு மேல கூண்டு கட்டி, வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரிச்சிடுவார். அச்சும் சட்டமும் மாறாது. மேல என்ன கட்டுறோம்கிறதுதான் மாறும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பெரிய பிக்கப்பையும் எஸ்யூவியையும் இதே மாதிரிதான் செய்கிறது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டம், இன்ஜின், சக்கர அமைப்பு எல்லாத்தையும் சேர்த்து பிளாட்ஃபார்ம் என்பார்கள். 2006ல் அவர்கள் கொண்டுவந்த புது பிளாட்ஃபார்முக்கு ஜிஎம்டி900 என்று பேர். பின்னால் தொட்டி வைத்தால் அது சில்வராடோ பிக்கப். மூடி, மூணு வரிசை சீட் போட்டால் டாஹோ. இன்னும் நீளமாக இழுத்தால் சபர்பன்.

இந்த வண்டியின் பூர்வீகம் பண்ணைதான். 1925ல் ஃபோர்டு தன் மாடல் டி காருக்குப் பின்னால் தொட்டி வைத்து, பிக்கப் என்று பேர் சொல்லி 281 டாலருக்கு விற்றது. விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் வாங்கினார்கள். 1935ல் செவர்லே, அரை டன் லாரியின் சட்டத்தில் எட்டுப் பேர் உட்காரும் கூண்டை ஏற்றி சபர்பன் என்று பேர் வைத்தது. எங்க அப்பா செய்த வேலையேதான்!

ஜிஎம்டி900 எஸ்யூவிகளைச் செய்த தொழிற்சாலைகளில் ஒன்று விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் ஊரில் இருந்தது. அந்த இடம் 1919ல் டிராக்டர் செய்ய ஆரம்பித்த இடம். சாம்சன் என்ற டிராக்டர். அதில் ஒரு மாடலுக்கு ஸ்டியரிங் கிடையாது. குதிரை ஓட்டிப் பழகிய விவசாயிக்காக, பின்னால் இருந்து கடிவாளம் பிடித்து ஓட்டுற மாதிரி செய்திருந்தார்கள். ஃபோர்டின் மலிவு டிராக்டரோடு போட்டி போட முடியாமல் அது நின்றுபோக, 1923ல் அங்கே செவர்லே வண்டிகள் வர ஆரம்பித்தன.

சரி, விவசாயி வண்டி எப்படிப் பட்டணத்து வீட்டு வாசலுக்கு வந்தது? அதற்கு இரும்புச் சட்டம் மட்டும் போதவில்லை, அரசாங்கச் சட்டமும் உதவியது.

முதல்ல கோழி. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியை ஏற்றின. பதிலுக்கு அமெரிக்கா, வெளிநாட்டிலிருந்து வரும் சின்ன லாரிகளுக்கும் பிக்கப்களுக்கும் 25 சதவீத வரி போட்டது. 1964ல் நடைமுறைக்கு வந்தது. கோழிச் சண்டை ஓய்ந்துபோனாலும் வரி ஓயவில்லை. உள்ளூர் கம்பெனிகளுக்குப் பிக்கப் சந்தையில் வேலி போட்ட மாதிரி ஆச்சு.

அடுத்தது எண்ணெய். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு அப்புறம், 1975ல் மைலேஜ் சட்டம் வந்தது. பிக்கப் வகை உழைக்கிற வண்டியாச்சே என்று அதற்குத் தனி அளவு. 1996லிருந்து 2004 வரைக்கும் காருக்குக் கேலனுக்கு 27.5 மைல், பிக்கப் வகைக்கு 20.7 மைல். எஸ்யூவியும் இந்த ரெண்டாவது கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

மூணாவது வருமான வரி. 1984ல் ஆடம்பரக் காரைத் தொழில் செலவில் எழுதுவதற்கு வரம்பு வைத்தார்கள். 6,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 2,720 கிலோவுக்கு மேல் கனமான லாரி வகைக்கு அந்த வரம்பு இல்லை. விவசாயியும் தொழிலாளியும் கஷ்டப்படக் கூடாதாம். 2003ல் சிறு தொழில்களுக்கு முதல் வருஷமே 1,00,000 டாலர் வரை கழிக்கும் சலுகை வந்தது. எடை இருந்தால் போதும், வைக்கோல் ஏற்ற வேண்டியதில்லை. வக்கீலும் டாக்டரும் தொழிலுக்கு என்று பெரிய எஸ்யூவி வாங்கிக் கழித்தார்கள். விஷயம் சந்தி சிரித்தபிறகு, 2004ல் எஸ்யூவிக்கு மட்டும் 25,000 டாலராகக் குறைத்தார்கள்.

இந்தச் சலுகை வெயிலில் காய்ந்த பயிர்தான் ஜிஎம்டி900. அது வந்து ரெண்டே வருஷத்தில், 2008 கோடையில், பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியது. பெரிய வண்டி விற்பனை சரிந்தது. அந்த வருஷம் டிசம்பர் 23ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால், ஜேன்ஸ்வில்லில் கடைசி டாஹோ வெளியே வந்தது. 2009 ஜூன் 1ல் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. அரசாங்கப் பணத்தில் அது எழுந்துவிட்டது. ஜேன்ஸ்வில் ஆலை எழவில்லை. அந்த ஊர்க்காரர்கள் சிலர் இண்டியானாவில் இருக்கும் பிக்கப் ஆலைக்கு வேலைக்குப் போய், வாரக் கடைசியில் வீடு திரும்பினார்கள். நம்ம ஊரிலிருந்து திருப்பூருக்குப் போகிற பிள்ளைகள் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

பெரிய வண்டி வாங்கியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சலுகை இருந்தால் யாரும் எடுத்துக்கத்தான் செய்வாங்க. விவசாயி பேரில் எழுதின சட்டம் விவசாயி வண்டியிலேயே ஏறி வேறொருவர் வாசலில் போய் இறங்கியதுதான் என் மனசில் நிற்கிறது. கடைசியில் நஷ்டத்தைச் சுமந்தது, ஒருகாலத்தில் கடிவாளம் போட்ட டிராக்டர் செய்த ஊர். அடுத்த தடவை ‘விவசாயிகளுக்காக’ என்று ஒரு அறிவிப்பைப் பேப்பரில் படித்தால், யார் பேரில் என்பதோடு நிறுத்திக்காதீங்க. வண்டி எந்த வாசலில் போய் நிற்குது என்பதையும் பாருங்க.